ஊரைக் கூட்டும் ரத்தம்

இதயப் பிரிவில் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கி நடுவில் வலை கட்டியிருந்தது. இரண்டு செவிலியர் ஒரு பக்கம், பரிசோதனைக்கூட ஊழியர்கள் இருவர் மறுபக்கம். மூலைக் கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் புள்ளி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. கண் பிரிவில் இடம் போதாமல் இங்கே கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள்.

இசக்கிராஜன் வாசலில் நின்று பார்த்தான். அவன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இதே அறையில், தரையில் விரித்த பாயில்தான் அவன் அப்பா கிடந்தார். கட்டில் காலியாவதற்குள் அவர் போய்விட்டார். அந்தக் காலத்தில் இந்தப் பிரிவில் கட்டில் காலியாவது என்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான்.

இப்போது காலியாகக் கிடப்பதற்கு அவன் காரணம். மீன் தின்பவர்களின் இதயம் நன்றாக இருக்கிறது என்று பல காலமாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் அந்த நல்ல கொழுப்பை மீன் தானாகச் செய்வதில்லை. கடலில் மிதக்கும் பாசி செய்கிறது. பாசியைத் தின்று மீனுக்கு வருகிறது. பாசிக்கும் மனிதனுக்கும் நடுவில் மீன் எதற்கு என்று கேட்டவன் இசக்கிராஜன். பாசியின் மரபணுக்களை எடுத்து எள்ளில் வைத்தான். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டில் அது பூத்தது. அதற்கு நெய்தல் எள் என்று பெயர் வைத்தான். அதன் எண்ணெயில் மீன் வாசம் இல்லை, மீனின் கொழுப்பு இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி போதும். ஐந்தே வருடத்தில் தென்னாடு முழுக்க எல்லா அடுப்படியிலும் அந்த எண்ணெய்தான்.

"யாரு ஜெயிக்கா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

ஹமீதா. ரத்த மருத்துவர், மேலப்பாளையத்துக்காரி, பள்ளியில் அவனுக்கு அடுத்த பெஞ்சு. நெய்தல் எண்ணெயைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அரசுக்குச் சொல்ல வேண்டிய குழுவுக்கு அவள்தான் தலைவி.

"நீங்க ஆடலியா?" என்றான்.

"தோத்துருவேன். இப்ப எனக்குத் தோக்கப் பிடிக்கல." அவள் சிரிக்கவில்லை. "காலையில இன்னொரு பிள்ளை வந்திருக்கு, ராஜன். சங்கரன்கோயில் பக்கம். பெரியவளாகி ஒரு வாரம்தான் ஆகுது, உதிரம் நிக்கல. வர்ற பிள்ளைங்க எல்லாமே நம்ம தெற்குச் சீமை. சென்னையில ஒண்ணு இல்ல, தஞ்சாவூர்ல ஒண்ணு இல்ல. அங்கயும் இதே எண்ணெயைத்தான் திங்காங்க."

"அப்ப எண்ணெய் காரணம் இல்லன்னுதானே அர்த்தம்?"

"எனக்குப் புரியலன்னு அர்த்தம். புரியாத ஒண்ணை வீட்டுக்கு வீடு ஊத்துங்கன்னு நான் சொல்ல முடியாது. நாளைக்குக் குழு கூடுது. நிறுத்தச் சொல்லித்தான் எழுதப்போறேன்."

"நிறுத்தினா இந்த வார்டு ரெண்டே வருஷத்துல நிரம்பிரும்."

"தெரியும். நிரம்பினா இங்க ஆடுறவங்களே வேலையும் பாப்பாங்க. ஆனா அந்தப் பிள்ளைங்க செத்தா யாரு பதில் சொல்ல?"

சன்னல் வழியாக ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. மருத்துவமனை வாசலுக்கு எதிரே பரோட்டாக் கடை வைத்திருக்கும் ஆறுமுக நயினார், தன் கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம்.

"நெஞ்சைக் காப்பாத்துதோம்னு சொல்லி ரத்தத்தைத் தண்ணியாக்கிட்டானுவ! எள்ளுக்குள்ள மீனை விட்டவன் நாளைக்கு ஆட்டுக்குள்ள என்னத்த விடுவானோ! நான் அந்த எண்ணெயைத் தொட்டதில்ல, தொடவும் மாட்டேன்!"

"உங்க ரசிகர்" என்றாள் ஹமீதா.

இசக்கிராஜன் பதில் சொல்ல வாயெடுக்கும்போது அவனுடைய போன் ஒலித்தது. தங்கை பேச்சிக்கனி.

"அண்ணே, மதியைக் கூட்டிட்டு ஆசுபத்திரிக்கு வாரோம். பிள்ளைக்கு நிக்கவே இல்லண்ணே. காலையில எந்திரிச்சவ அப்படியே மயங்கி விழுந்துட்டா. நீங்க அங்கதான இருக்கிய?"

நிறைமதி அவனுடைய ஒரே மருமகள். போன வாரம்தான் தாய்மாமன் சீர் கொண்டுபோயிருந்தான். பட்டு, வளையல், உளுந்து மாவு, கருப்பட்டி, நாட்டுக்கோழி முட்டை, பித்தளைத் தூக்கில் நல்லெண்ணெய். அந்த எண்ணெயை அவன் கடையில் வாங்கவில்லை. ஆய்வகத்துப் பாத்தியில் விளைந்த சிறந்த எள்ளைப் பொறுக்கித் தானே ஆட்டிக் கொண்டுபோனான். சந்தையில் விற்பதைவிட இரண்டு மடங்கு செறிவானது. "எண்ணெயைக் கண்டுபிடிச்ச மாமனே எண்ணெய் கொண்டாந்திருக்கான்" என்று பந்தலில் பெண்கள் பேசியதைக் கேட்டு அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்திருந்தது.

*

நிறைமதியின் உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். ஹமீதா மருந்துகளை ஏற்றச் சொல்லிவிட்டு ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்தாள். சிறிய கண்ணாடித் தட்டு. அதில் ரத்தம் உறைவதைத் திரையில் பெரிதாகப் பார்க்கலாம். எல்லோரும் பார்த்தார்கள். ரத்தத்தை உறைய வைக்க வேண்டிய தட்டணுக்கள் வந்தன, சும்மா மிதந்தன, போயின. எதுவும் எதோடும் ஒட்டவில்லை.

"அணு கம்மியா டாக்டர்?" என்று கேட்டான் நிறைமதியின் அப்பா செந்தட்டி. மூன்று வருடங்களுக்கு முன் அவனுக்கே நெஞ்சுவலி வந்து, பிழைத்து, நெய்தல் எண்ணெயை நம்பி இன்று வயலில் இறங்கி வேலை செய்கிறவன்.

"எண்ணிக்கை சரியா இருக்கு. குரல்தான் இல்ல."

செந்தட்டி திரும்பி இசக்கிராஜனைப் பார்த்தான். "என்ன மச்சான் சொல்லுதாங்க?"

எவ்வளவு பதற்றத்திலும் ஒருவர் கேட்டால் இசக்கிராஜனால் விளக்காமல் இருக்க முடியாது. விளக்கும்போதுதான் அவனுக்கே யோசனை ஓடும்.

"மாப்ள, தெருவுல ஒருத்தன் வண்டியில அடிபட்டு விழுந்தா என்ன ஆகும்?"

"கூட்டம் கூடும்."

"எப்படிக் கூடும்?"

"பாத்தவன் எவனாவது 'ஏல, ஓடியாங்கல'ன்னு கத்துவான்."

"அதேதான். காயம் பட்ட இடத்துக்கு முதல்ல வர்ற தட்டணு அப்படிக் கத்தும். சத்தம் கேட்டு மத்ததெல்லாம் ஓடியாந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓட்டையை அடைக்கும். அந்தச் சத்தம் எதுல செஞ்சது தெரியுமா? கொழுப்புல. தட்டணுவோட தோலே கொழுப்புதான். அதுலயிருந்து ஒரு துணுக்கைப் பிச்சு எடுத்துத்தான் கத்தும். கறியிலயும், நாம பொரிச்சுத் திங்கற எண்ணெய்லயும் வர்ற கொழுப்பா இருந்தா சத்தம் பலமா வரும். மீனோட கொழுப்பா இருந்தா முனகலாத்தான் வரும்."

"முனகுனா நல்லதுன்னுதான எனக்குச் சொன்னிய?"

"உங்க நெஞ்சுக்கு நல்லது. இதயத்துக்குப் போற குழாய்ல சின்னக் கீறல் விழுந்தாக்கூட, பலமாக் கத்துற ரத்தம் ஊரையே கூட்டிரும். கூட்டம் சேந்து குழாயை அடைச்சிரும். அதான் மாரடைப்பு. கொஞ்சம் மெதுவாப் பேசுற ரத்தம் அளவாக் கூட்டும், வேலையை முடிக்கும், கலைஞ்சிரும்."

"இந்தப் பிள்ளை ரத்தம் மெதுவாப் பேசல" என்றாள் ஹமீதா. "ஊமையாயிருக்கு."

"ஒரு தேக்கரண்டியில ஊமையாகாது!" இசக்கிராஜனின் குரல் உயர்ந்தது. "மூணு கரண்டி தின்னாலும் ஆகாது. எல்லாத்தையும் சோதிச்சிருக்கோம். வீடு வீடாப் போய்க் கேட்டோம், சமையலுக்கு எவ்வளவு எண்ணெய்னு. பேச்சி, நீ சொல்லு. ஒரு நாளைக்கு எவ்வளவு ஊத்துத?"

"ஆளுக்கு ஒரு கரண்டிதாண்ணே. நீங்க சொன்ன கணக்குதான்."

"கேட்டியளா?" என்று ஹமீதாவிடம் திரும்பினான்.

"சமையலுக்குத்தான் ஒரு கரண்டி" என்றாள் பேச்சிக்கனி.

"வேற எதுக்கு?"

பேச்சிக்கனி தயங்கினாள். ஆண்கள் முன்னால் பேசுகிற விஷயமாக அது அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"குடிக்கக் குடுப்போம்லா. பெரியவளான பிள்ளைக்கு இடுப்பு எலும்பு உறுதிப்படணும்னு. காலையில வெறும் வயித்துல பச்சை முட்டையை உடைச்சு ஊத்தி, முட்டை ஓட்டு நிறைய நல்லெண்ணெய். மத்தியானம் உளுந்தங்களியில குழி பறிச்சு, குழி நிறைய நல்லெண்ணெய். தினமும். நம்ம பக்கத்துல எல்லா வீட்டுலயும் அப்படித்தான."

திரையில் தட்டணுக்கள் ஒன்றையொன்று கடந்து போய்க்கொண்டிருந்தன.

"இதை ஏன் சொல்லல?" என்றான் இசக்கிராஜன்.

"யாரு கேட்டா? சமையலுக்கு எவ்வளவுன்னு கேட்டாக. இது சமையல் இல்லியே, மருந்து. அதுவும் வீட்டு ஆம்பளையாளுககிட்ட கேட்டுட்டுப் போனாக. அவுகளுக்கு என்ன தெரியும்?" பேச்சிக்கனி அழ ஆரம்பித்தாள். "வழக்கமாக் கடை எண்ணெய்தான் குடுப்போம். நீங்க உங்க கையால ஆட்டிக் கொண்டாந்தியேன்னு, தூக்கு காலியாகற வரைக்கும் அதையே குடுத்தேண்ணே."

இசக்கிராஜனுக்குப் புரிந்தது. சென்னையில் பூப்படைந்த பெண்ணுக்கு எண்ணெய் குடிக்கக் கொடுப்பதில்லை. அங்கே ஒரு பெண்ணும் மருத்துவமனைக்கு வரவில்லை. இங்கே நெல்லைச் சீமையில் பிறந்து, நெல்லைச் சீமை எள்ளையே மாற்றியவன், தன் வீட்டுப் பெண்கள் அந்த எண்ணெயை என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஹமீதா அவன் தோளைத் தட்டினாள். "அப்புறம் வருத்தப்படலாம். இப்ப எனக்குத் தட்டணு வேணும். குரல் உள்ளது."

*

அதில்தான் சிக்கல் இருந்தது. தட்டணு தானம் வாங்குவது எளிது, அவசரத்தில் ரத்த வகைகூடப் பார்க்க வேண்டியதில்லை. கையில் ஓர் ஊசி. ரத்தம் இயந்திரத்துக்குள் போகும், தட்டணுவை மட்டும் இயந்திரம் பிரித்துக்கொள்ளும், மிச்சம் உடம்புக்கே திரும்பிவிடும். ஆனால் தென்னாட்டில் எல்லோரும் நெய்தல் எண்ணெய்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களுடைய ரத்தம் தங்கள் காயத்தை அடைக்கும் அளவுக்குப் பேசும். ஊமையாகிப்போன இன்னொருவரின் உடம்பில் போய் ஊரைக் கூட்டும் அளவுக்கு அதற்குத் தெம்பு இல்லை.

செந்தட்டிதான் முதலில் கையை நீட்டினான். அவனுடைய சொட்டு கண்ணாடித் தட்டில் சோம்பலாக இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு ஓய்ந்தது.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்றான். "நான் அப்பன்."

"எத்தனை தடவை பாத்தாலும் அதான், செந்தட்டி. உங்களைக் காப்பாத்தினது இதுதான்."

சித்தப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர், இறகுப்பந்து ஆடிய செவிலியர்கள், எல்லோரும் வந்தார்கள். எல்லோருடைய ரத்தமும் முனகியது. வடநாட்டிலிருந்து விமானத்தில் வரவழைக்கலாம். மறுநாள் காலை ஆகும். நிறைமதிக்கு அவ்வளவு நேரம் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

வெளியே ஒலிபெருக்கி இரைந்தது. "நான் அந்த எண்ணெயைத் தொட்டதில்ல! தொடவும் மாட்டேன்!"

இசக்கிராஜனும் ஹமீதாவும் ஒரே நேரத்தில் சன்னலைப் பார்த்தார்கள்.

அவன் படிகளில் ஓடி இறங்கினான். அவனைக் கண்டதும் கூட்டம் கொதித்தது. நயினார் பெஞ்சின் மேலிருந்து கும்பிடு போட்டார்.

"வாங்க விஞ்ஞானி சார்! கடை தேடி வந்திருக்கிய. ரெண்டு பரோட்டா வைக்கவா? சுத்தமான பாமாயில், மீனு கீனு கிடையாது!"

"அண்ணாச்சி, நெசமாவே நீங்க எங்க எண்ணெயைச் சாப்பிட்டதே இல்லியா?"

"சாமி சத்தியமா இல்ல. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட மோருஞ்சோறோட எந்திரிச்சிருவேன். எதுக்குக் கேக்கிய?"

"உங்க ரத்தம் வேணும் அண்ணாச்சி."

மைக் அணைக்காமல் இருந்தது. அந்த வார்த்தை தெரு முழுக்கக் கேட்டது. பரோட்டாக் கல்லில் இருந்த மாஸ்டர்கூட கரண்டியைத் தட்டுவதை நிறுத்தினார்.

"உங்களை ஒழிக்கணும்னு நான் தொண்டை கிழியக் கத்துதேன்" என்றார் நயினார்.

"ஒழிங்க. பிள்ளை பிழைச்சதும் ஒழிங்க."

"யாரு பிள்ளை?"

"என் தங்கச்சி மக. பெரியவளாகி ஒரு வாரம். நாந்தான் எண்ணெய் கொண்டுபோய்க் குடுத்தேன், அண்ணாச்சி. அதை மருந்துன்னு குடிக்கக் குடுத்திருக்காங்க. நீங்க கத்துனது பாதி உண்மை. எங்க எல்லார் ரத்தமும் முனகுது. உங்க ரத்தம் ஒண்ணுக்குத்தான் கத்தத் தெரியும்."

நயினார் மைக்கை அணைத்தார். பெஞ்சிலிருந்து மெதுவாக இறங்கினார். தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதாய்யா" என்றார். "மாஸ்டர், கல்லைப் பாத்துக்கிடும். எங்க குத்தணும்?"

*

நயினாரின் ரத்தம் கண்ணாடித் தட்டில் விழுந்த வேகத்தில் உறைந்தது. திரையில் தட்டணுக்கள் திருவிழாக் கூட்டம்போல நாலு பக்கமும் பாய்ந்துவந்து மொய்த்தன. அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

"பாத்தியளா!" என்று நயினார் மார்தட்டினார். "பாமாயிலு!"

"ஒரு மணி நேரம் அசையாம உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் ஹமீதா. "கத்தவும் கூடாது."

"ஒரு மணி நேரமா? அதுக்கு நீங்க என் ரத்தம் முழுக்க எடுத்துக்கிடலாம்."

அவர் உட்கார்ந்தார். அதிசயமாக, கத்தவும் இல்லை. இயந்திரத்தில் சேர்ந்த இளமஞ்சள் திரவம் நிறைமதியின் கைக்குள் இறங்கத் தொடங்கியது. செந்தட்டி ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டே நின்றான்.

கீழே இன்னொன்று நடந்தது. நயினார் போன பின்னும் கூட்டம் கலையவில்லை. ஒருவர் உள்ளே வந்து, "எங்க ரத்தமும் கத்தும்லா, வேற பிள்ளைங்களுக்கு வேண்டாமா?" என்று கேட்டார். சங்கரன்கோயில் பெண் மேல்மாடியில் கிடந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். எண்ணெயைத் தடைசெய்யச் சொல்லிக் கொடி பிடித்தவர்கள் கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வரிசையில் நின்றார்கள். அவர்களில் மூன்று பேருடைய ரத்தம் முனகியது.

"அதெப்படி?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "எங்க வீட்டுல கடலை எண்ணெய்தான்!"

"வீட்டுல கேட்டுப்பாருங்க" என்றாள் செவிலி.

அவர் போன் போட்டார். பேசினார். காதுவரை சிவந்து வரிசையைவிட்டு விலகிக்கொண்டார். "அதைத்தான் கடலை எண்ணெய் டப்பாவுல ஊத்தி வச்சிருக்கா" என்று முணுமுணுத்தார். வரிசை முழுக்கச் சிரித்தது.

மாலை வெயில் சன்னலில் சாயும்போது ஹமீதா நிறைமதியின் விரலில் மறுபடி ஒரு சொட்டு எடுத்தாள். இசக்கிராஜன் திரையைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தான்.

"ராஜன், பாருங்க."

முதலில் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு யாரோ ஓடிவரச் சொன்னதுபோல எல்லாம் ஓடிவந்தன. அவளுடைய சொந்தத் தட்டணுக்களும் வந்தன. ஊமையாகக் கிடந்தவை, நயினாரின் அணுக்கள் போட்ட சத்தம் கேட்டுத் திரும்பி, வந்து, ஒட்டின. முடிச்சு இறுகியது.

"கூடிட்டாங்க" என்றான் இசக்கிராஜன். அழுதுகொண்டே சிரித்தான்.

உதிரம் நின்றுவிட்டது என்று செவிலி வந்து சொன்னபோது பேச்சிக்கனி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். நிறைமதி கண்ணைத் திறந்து மாமனைப் பார்த்தாள்.

"மாமா, உங்க எண்ணெய் நல்லாவே இல்ல. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் குடிச்சேன்."

"எனக்கு ஒரு வார்த்தை போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்லா, தாயி."

"சொன்னா வருத்தப்படுவியன்னு அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டா."

அடுத்த கட்டிலிலிருந்து நயினார் உரக்கச் சிரித்தார். "இவ எங்க கட்சி!"

*

மறுநாள் குழுவில் ஹமீதா நிறுத்தச் சொல்லவில்லை. நெய்தல் எண்ணெய் சமையலுக்கு மட்டும். குடிக்கவும் களிக்கும் பழைய எள்ளின் எண்ணெய். அதற்கான விதையை விதை வங்கியிலிருந்து எடுத்துத் தன் ஆய்வகத்துப் பாத்தியிலேயே விதைக்க இசக்கிராஜன் ஒத்துக்கொண்டான். இனி ஊர் ஊராகக் கேள்வி கேட்கப் பெண்கள் போவார்கள், பெண்களிடம் கேட்பார்கள்.

ஆனால் ஒன்று மீதி இருந்தது.

"பிரசவம், விபத்து, அறுவை, எல்லாத்துக்கும் கத்துற ரத்தம் வேணும்" என்றாள் ஹமீதா. "ஊரே மெதுவாப் பேசினா, அவசரத்துக்குக் கூப்பாடு போட யாராவது இருக்கணும். அவங்க நெஞ்சுக்கு அது ஆபத்து. யாரை அப்படி இருக்கச் சொல்ல?"

"நான் இருக்கேன்" என்றார் நயினார். அவரும் அழைக்கப்பட்டிருந்தார். "இத்தனை வருஷம் சும்மாதான இருந்தேன்."

"நீங்க கூடாது அண்ணாச்சி. உங்க குழாயைப் படம் எடுத்துப் பாத்தேன். இப்படியே விட்டா, வலையைக் கழட்டிட்டு உங்களுக்குத்தான் முதல் கட்டில் போடணும்."

"எங்கய்யாவும் நெஞ்சுவலியிலதான் போனாரு" என்றார் நயினார். "கடையிலயே. கல்லு சூடு ஆறல."

இசக்கிராஜன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். தன் அப்பா கிடந்த பாய் அவனுக்கு நினைவு வந்தது. கூடவே ஒரு வழியும் தெரிந்துவிட்டது.

"முறை வச்சுக்கிடுவோம்" என்றான். "தட்டணு பழசு போய்ப் புதுசு பிறந்துக்கிட்டே இருக்கு. சாப்பாட்டை மாத்தினா கொஞ்ச வாரத்துல ரத்தத்தோட குரலும் மாறிரும். குழாய் அடைக்க வருஷக்கணக்காகும். அதனால, நெஞ்சு திடமா இருக்கிறவங்க ஆளுக்கு ஒரு பருவம். கோயில் கொடை விழாவுக்கு முறை எடுக்கிற மாதிரி. ஒரு பருவம் கத்துற ரத்தமா இருக்கணும், அப்புறம் அடுத்த வீடு."

"முதல் முறை?"

"என்னோடது."

*

இப்போது மருத்துவமனைக்கு எதிரே போனால் பார்க்கலாம். வேலை முடிந்து இசக்கிராஜன் நயினார் கடையில் உட்கார்ந்திருப்பான். நெய்தல் எண்ணெயைக் கண்டுபிடித்தவனுடைய வீட்டில் அந்த எண்ணெயைத் தொடக்கூடாதவன் அவன் ஒருவன்தான். மாஸ்டர் கரண்டியைத் தட்டித் தட்டிப் பரோட்டாவை அவன் இலையில் போடுவார். ஹமீதா வாரம் ஒருமுறை அவன் விரலைக் குத்திப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் தின்னணும், இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு" என்பாள்.

எதிர் இலை நயினாருடையது. பள்ளிக்கூடம் விட்டு வரும் நிறைமதி அவருடைய இட்லிப்பொடியில் குழி பறித்து, ஒரே ஒரு தேக்கரண்டி நெய்தல் எண்ணெயை அளந்து ஊற்றுவாள். ஒரு சொட்டு கூடவிடாமல்.

முதல் நாள் அவர் அதைத் தொட்டு வாயில் வைத்ததும் தெருவே அவர் முகத்தைப் பார்த்தது. போராட்டக்காரர்கள், செவிலியர்கள், மாஸ்டர், எல்லோரும்.

"என்ன அண்ணாச்சி, மீன் நாத்தம் அடிக்கா?" என்றான் இசக்கிராஜன்.

நயினார் நிதானமாக மென்றார். இன்னொரு துண்டு இட்லியைப் பிட்டுக் குழியில் புரட்டினார்.

"பரோட்டாவுக்கு ஆகாது" என்றார். பிறகு நிறைமதியைப் பார்த்து, "நாளைக்கும் வா தாயி. கரண்டி நீதான் பிடிக்கணும்" என்றார்.

எதிரே, இதயப் பிரிவின் திறந்த சன்னலுக்குள், யாரோ உரக்கப் புள்ளி சொன்னார்கள்.